‘பத்திரமா வந்து சேந்துட்டாங்க’

ரிசப்ஷனில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு முதல் நாளே ஒரு தாளைக் கையில் கொடுத்திருப்பார்கள். வெளிநாட்டிலிருந்து வரும் தன்பாலின ஜோடிகளுக்கு நாம் தர வேண்டிய ஆலோசனைகள். பொது இடத்தில் கை கோத்துக்கொண்டு போகாதீர்கள், கட்டிப்பிடிக்காதீர்கள், முத்தம் கொடுக்காதீர்கள், கோயில் வாசலில் பார்த்து நடந்துகொள்ளுங்கள், டிரைவர் கேட்டால் நண்பர்கள் என்று சொல்லிவிடுங்கள், போனில் அறிமுகமானவரை நம்பித் தனியாகப் போகாதீர்கள். அச்சு நன்றாக இருக்கும், ஓரத்தில் வானவில் கூட இருக்கும். எங்கள் ஹோட்டலிலிருந்து மற்ற ஹோட்டல்களுக்கும் பரவிய அந்தத் தாளை எழுதியவள் நான்தான். எடுத்துக் கிழித்துப் போடுங்கள்.

நிஜமாகத்தான் சொல்கிறேன். அந்தத் தாளில், வந்து தங்குகிறவர்கள் என்ன செய்யக் கூடாது என்று மேலிருந்து கீழ் வரை இருக்கிறது. நாம் என்ன செய்யக் கூடாது என்று ஒரு வரி கிடையாது. எழுதும்போது எனக்கு அது தோன்றவே இல்லை. ஆபத்து என்றால் வெளியே, ரோட்டில், ஆட்டோ ஸ்டாண்டில் இருக்கிறது என்று நினைத்தேன். மேசைக்குப் பின்னால் நிற்கிற என்னைப் பற்றி நான் ஏன் எழுதப் போகிறேன்?

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வேலப்பன்சாவடி தாண்டி ஒரு ஹோட்டலில் நான் ஃப்ரண்ட் ஆபீஸ் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றேன். பெயர் வேண்டாம், முதலாளி இன்னும் உயிரோடு இருக்கிறார். சுற்றிலும் தொழிற்சாலைகள், ஆஸ்பத்திரிகள் என்பதால் வெளிநாட்டுக்காரர்கள் வருவார்கள். யந்திரம் பூட்ட வருகிற இன்ஜினியர்கள், சிகிச்சைக்கு வருகிறவர்கள், சொந்த ஊரைப் பார்க்க வருகிறவர்கள். நான் மேனாம்பேட்டில் பிறந்தவள். என் அப்பா வயல் வேலைக்குப் போனவர், பிறகு தொழிற்பேட்டையில் ஃபேக்டரி வாட்ச்மேன் ஆனார். நான் இந்தத் தொழிலுக்கு டெலிபோன் ஆபரேட்டராக வந்தேன். அதை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள், ஏனென்றால் நான் செய்த தப்பு ஆபரேட்டர் செய்கிற தப்பு.

முதலில் ஒரு சின்னக் கதை. இதற்குச் சிரிக்கலாம்.

ஒருமுறை இரண்டு இன்ஜினியர்கள் வந்தார்கள். இரண்டு பேரும் ஆண்கள், நாற்பது வயதிருக்கும். டபுள் பெட் என்று புக் செய்திருந்தார்கள். நம் ஆட்களுக்குத்தான் தங்க மனசாயிற்றே! பாவம், தெரியாமல் புக் பண்ணிட்டாங்க என்று முடிவு செய்து, கேட்காமலேயே கட்டிலைப் பிரித்து இரண்டு தனிக் கட்டிலாகப் போட்டுவிட்டோம். அந்த அறையில் கட்டில் அப்படிச் சேர்த்துப் பிரிக்கிற மாதிரி இருக்கும். மறுநாள் காலையில் சுத்தம் செய்யப் போனால் கட்டில் சேர்ந்திருந்தது. மறுபடி பிரித்தோம். மறுநாள் மறுபடி சேர்ந்திருந்தது. நாலாவது நாள் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர் ராஜாத்தி அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார்.

“இன்னா மேடம் இது? தெனம் நான் பிரிச்சிப் போட்டுக்கினே கீறேன், அவங்க சேத்துப் போட்டுக்கினே கீறாங்க. அவங்களுக்கு வேணும்னுதான சேக்கறாங்க? நம்ம இன்னாத்துக்கு ஊடால பூர்றது? என் இடுப்பு போச்சு.”

ராஜாத்தி அக்கா பக்கத்திலிருக்கும் நூம்பல் கிராமத்துக்காரர். எட்டாவது வரை படித்தவர். எனக்கு நாலு நாளாகப் புரியாததை அவருடைய இடுப்பு புரியவைத்தது. அந்த இரண்டு பேரும் போகும்போது, அன்றைக்கே நான் கொடுத்தனுப்பிய ஆலோசனைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒருத்தர் கேட்டார்: “ரோட்டில் கை கோத்துக்கொண்டு போகக் கூடாது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் ஊரில் எல்லா ஆண்களும் தோளில் கை போட்டுக்கொண்டு, விரல் கோத்துக்கொண்டுதானே போகிறார்கள்? எங்களுக்கு மட்டும்தானா?” சிரித்து மழுப்பினேன். நம் ஊரில் ஆணும் பெண்ணும் வந்தால் கழுத்தில் தாலி இருக்கிறதா என்று பார்ப்போம், இரண்டு ஆண்கள் வந்தால் சாவியைக் கொடுத்துவிடுவோம். இந்த லட்சணத்தில் ஊருக்கு உபதேசம் எழுதி அச்சடித்தேன்.

சரி, சிரித்தது போதும்.

ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்னால் நடந்தது இது. அப்போது எங்கள் முதலாளி எங்கோ ஒரு கூட்டத்துக்குப் போய்வந்து ரிசப்ஷன் கண்ணாடியில் ஒரு வானவில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார். ‘எல்லோரையும் வரவேற்கிறோம்.’ எனக்கும் ஒரு நாள் வகுப்பு எடுத்தார்கள். வகுப்பு முடிந்ததும் நான் பெரிய முற்போக்குக்காரி ஆகிவிட்டதாக எனக்கு நினைப்பு.

ஒரு நாள் காலை எட்டு மணிக்கு இரண்டு பெண்கள் விமான நிலையத்திலிருந்து வந்தார்கள். ஒருத்தி டென்மார்க்காரி, பெயர் மார்த்தா. இன்னொருத்தி நம்ம ஊர் முகம், பெயர் தேன்மொழி. படிக்கப் போய் அங்கேயே வேலையில் இருப்பவள். ரிஜிஸ்ட்ரேஷன் கார்டில் உறவுமுறை என்ற இடத்தில் தேன்மொழி தயங்காமல் ‘மனைவி’ என்று எழுதினாள். நான் புன்னகை செய்தேன். பார்த்தாயா, நான் முகம் சுளிக்கவில்லை என்று காட்டுகிற புன்னகை.

அந்தக் கார்டில் கடைசியில் ஒரு கட்டம் இருக்கும். உள்ளூர் தொடர்பு எண். தேன்மொழி அதைக் காலியாக விட்டிருந்தாள்.

“மேடம், இது கட்டாயம்.”

“எனக்கு இங்க யாரும் இல்லைங்க.”

“ஏதாவது ஒரு நம்பர் போடுங்க மேடம். இல்லைன்னா சிஸ்டம் எடுத்துக்காது.”

பொய். சிஸ்டம் எடுத்துக்கொள்ளும். அந்தக் கட்டத்தை எந்தச் சட்டமும் கேட்கவில்லை. அது நான் மேனேஜர் ஆனதும் நானே சேர்த்த கட்டம். கட்டம் என்றால் நிரம்பியிருக்க வேண்டும், அதுதான் என் புத்தி.

அவள் பேனாவை எடுத்தாள். “எனக்கு மனப்பாடமா தெரிஞ்சது ஒரே நம்பர்தான். எங்கம்மாவோடது. முத்தாபுதுப்பேட்டைல இருக்காங்க” என்றாள். எழுதினாள். எழுதி முடித்துவிட்டு, கார்டை என் பக்கம் தள்ளாமல் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே கேட்டாள்: “கூப்பிட மாட்டீங்கல்ல?”

“அவசரத்துக்கு மட்டும்தான் மேடம்.”

“நான் வந்திருக்கறது அம்மாவுக்குத் தெரியாது. நாளைக்கு மறுநாள் அண்ணனுக்கு காலை ஷிஃப்ட். அப்ப போய் அம்மாகிட்ட நானே நேர்ல பேசணும். அதுக்குத்தான் வந்திருக்கேன். வேற எதுக்கும் இல்ல.”

இதற்கு மேல் ஒரு மனுஷி எப்படித் தெளிவாகச் சொல்வாள்? நான் தலையாட்டினேன். இருநூற்றேழாம் அறைச் சாவியைக் கொடுத்தேன்.

இப்போது என் பழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஆபரேட்டராக இருந்த காலத்தில் வெளியூர்ப் பெற்றோர்கள் ஹோட்டலுக்கு போன் செய்து, பிள்ளை வந்துவிட்டானா என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். லைன் கிடைக்காமல் தவிப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு நானே முந்திக்கொண்டு கூப்பிட ஆரம்பித்தேன். ‘பத்திரமா வந்து சேந்துட்டாங்க, கவலைப்படாதீங்க.’ இந்த ஒரு வாக்கியத்துக்காக எனக்கு எத்தனை பேர் நல்லா இருப்பே தாயி என்று சொல்லியிருக்கிறார்கள் தெரியுமா? ஊறுகாய் பாட்டில் அனுப்பியவர்கள் உண்டு. ஆளுக்கொரு போன் கையில் வந்த பிறகும் நான் அதை விடவில்லை. ஹோட்டலுக்கு எழுதி வந்த பாராட்டுகளில் பாதி அந்த போனைப் பற்றித்தான். எனக்கு அது வேலை இல்லை, போதை.

ஒன்பது மணிக்கு அன்று வந்தவர்களின் கார்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். தேன்மொழியின் கார்டு வந்தது. கூப்பிட மாட்டீங்கல்ல என்று அவள் கேட்டது காதில் இருந்தது. இருந்தும் என்ன நினைத்தேன் என்றால், பாவம் இந்தப் பெண், பயந்துகொண்டு ஹோட்டலில் உட்கார்ந்திருக்கிறாள், பெற்றவளுக்கு ஒரு குரல் கேட்டால் எவ்வளவு சந்தோஷமாக இருக்கும், நம்மைப் போல ஒரு பெரிய மனுஷி பக்குவமாக எடுத்துச் சொன்னால் அந்தம்மா ஏற்றுக்கொள்ள மாட்டாரா? இதுதான் நினைத்தேன். இப்போது எழுதும்போது கூட என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

கூப்பிட்டேன்.

“அம்மா, வணக்கம். ஹோட்டல்லேருந்து பேசறேன். உங்க பொண்ணு தேன்மொழி பத்திரமா வந்து சேந்துட்டாங்க.”

“ஆரு? தேனா? ஓட்டல்லயா? ஊட்டுக்கு வராம ஓட்டல்ல இன்னாத்துக்கு? தனியாவா வந்துகீது? கூட மாப்ள கீறாரா?”

இந்த இடத்திலாவது நான் போனை வைத்திருக்கலாம். ராங் நம்பர் என்று சொல்லியிருக்கலாம். எத்தனை தடவை எத்தனை பேருக்காக ராங் நம்பர் சொன்னவள் நான்!

“மாப்பிள்ளை இல்லம்மா. ஒரு பொண்ணு. உங்க பொண்ணு அவங்களைத்தான் கல்யாணம் பண்ணியிருக்காங்க. அங்கல்லாம் இது சாதாரணம்மா. நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க.”

அந்தப் பக்கம் பின்னாலிருந்து ஒரு ஆண் குரல், “ஆர்மா போன்ல?” என்று. லைன் கட்டானது. நான் ரிசீவரை வைத்துவிட்டு ஒரு காபி சொன்னேன். நல்ல காரியம் செய்த திருப்தி எனக்கு. தூ!

பதினோரு மணிக்கு மேல் இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். ஒருத்தர் கம்பெனி யூனிஃபார்ம் சட்டையோடு, வேர்வை வழிய. தேன்மொழியின் அண்ணன். இன்னொருத்தர் சாதாரண உடையில் இருந்தார், ஆனால் நின்ற தோரணையிலேயே போலீஸ் என்று தெரிந்தது. அண்ணனுக்குத் தெரிந்த ஏட்டாம். நான் கூப்பிட்ட நம்பரை வைத்து ஹோட்டலைக் கண்டுபிடித்திருந்தார்கள்.

“மேடம், எங்கம்மா சீரியஸா கீறாங்க. நெஞ்சு வலி. ஆஸ்பத்திரில சேத்துகீறோம். எங்க தங்கச்சி இங்கதான் கீது. ரூம் நம்பர் சொல்லுங்க, நான் கூட்டிக்கினு போய்டறேன்.”

என் போனால்தான் அந்தம்மாவுக்கு நெஞ்சு வலியா? கை தானாக இன்டர்காமுக்குப் போனது. ஒரு பட்டனை அழுத்தினால் தேன்மொழி பதறிக்கொண்டு கீழே ஓடி வருவாள். அவர்கள் காரில் ஏற்றிக்கொண்டு போவார்கள். அப்புறம் அவளுடைய பாஸ்போர்ட்டை யார் வைத்திருப்பார்கள், அவளை எந்த வீட்டில் எந்த அறையில் வைத்திருப்பார்கள், எவனைப் பிடித்து வந்து தாலி கட்டச் சொல்வார்கள், யாருக்குத் தெரியும்? இப்படியெல்லாம் நான் அப்போது யோசிக்கவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தம்மா பிழைத்துவிட்டாரா என்று தெரிந்துகொள்ளத்தான் துடித்தேன். அதனால் இன்டர்காமை விட்டுவிட்டு வெளி லைனை எடுத்து, கார்டில் இருந்த நம்பரைப் போட்டேன்.

அண்ணனின் சட்டைப் பையில் போன் அடித்தது.

மூன்று பேரும் அந்தப் பையைப் பார்த்தோம். ஒரு சாமி பாட்டு. அது பாடி முடிக்கிற வரை யாரும் அசையவில்லை.

“அம்மா போனு எங்கிட்டதான் கீது” என்றார் அண்ணன்.

“எந்த ஆஸ்பத்திரி?” என்றேன்.

அவர் ஏட்டைப் பார்த்தார். ஏட்டு என்னைப் பார்த்தார். “இன்னா மேடம், ஃபேமிலி மேட்டரு. நீங்க இன்னாத்துக்கு குறுக்க கேள்வி கேட்டுக்கினு? ரூம் நம்பர் சொல்லுங்க.”

கோபம் வந்தால் எனக்கு மேனாம்பேட்டுப் பேச்சு வந்துவிடும். வந்தது. “அம்மா நல்லாத்தான கீறாங்க? ஊட்லதான கீறாங்க? பெத்த தாய ஆஸ்பத்திரில படுக்க வெச்சு பொய் சொல்றியே, வாய் கூசல?”

அவர் முகம் சுருங்கிவிட்டது. கெட்டவர் மாதிரி தெரியவில்லை, அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். “காலைலேந்து ஒரு வாய் தண்ணி குடிக்கல மேடம். கதவ சாத்திக்கினு உள்ள கீறாங்க. எனக்கும் ஒரு பொண்ணு கீது. தெருவுல தெரிஞ்சா நாளைக்கு அத்த எவன் கட்டுவான்? நீங்க சொல்லுங்க.” சொல்லிவிட்டு அழுகிற மாதிரி நின்றார்.

“அத்த பத்தி ஒன் தங்கச்சிகிட்ட கேளு. அது வந்து பேசணும்னு நெனச்சா பேசும். ரூம் நம்பர் நான் தரமாட்டேன்.”

ஏட்டு தள்ளிப் போய் யாருக்கோ போன் செய்தார். இரண்டு நிமிஷத்தில் முதலாளியிடமிருந்து எனக்கு போன்.

“என்னம்மா ரகளை? குடும்ப விஷயம் அது. அந்தப் பொண்ணைக் கீழ அனுப்பிவிட்டுடு.”

“சார், வாசல்ல ஸ்டிக்கர் ஒட்டியிருக்கீங்க.”

“ஏம்மா, ஸ்டிக்கர் ரேட்டிங்குக்கு ஒட்டினது. போலீசோட சண்டை போடவா ஒட்டினேன்?”

நான் ரிசீவரை வைத்துவிட்டேன். முப்பது வருஷத்தில் முதலாளி பேசிக்கொண்டிருக்கும்போது வைத்தது அந்த ஒரு தடவைதான். இரண்டு பேர் விரும்பிச் சேர்ந்து வாழ்வது குற்றமில்லை என்று சட்டம் சொல்லிவிட்டது. கல்யாணத்தை இங்கே சட்டம் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, அது வேறு. ஆனால் வயதுக்கு வந்த ஒரு பெண்ணை அவள் விருப்பமில்லாமல் அண்ணனிடம் ஒப்படைக்க ஏட்டுக்கும் உரிமை இல்லை, எனக்கும் இல்லை. இப்படிப்பட்டவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று போலீசுக்கே நடத்தை விதி இருக்கிறது. வகுப்பில் சொன்னதில் அதுவாவது மண்டையில் நின்றிருந்தது.

“எழுத்துல புகார் கீதா? பெண் போலீஸ் வந்துகீறாங்களா? உங்க பேரு, நம்பர், ஸ்டேஷன் எல்லாம் இந்த விசிட்டர் நோட்டுல எழுதுங்க. கேமரா மேல கீது. எழுதிட்டு அப்பறம் பேசுங்க” என்று நோட்டை ஏட்டின் முன் தள்ளினேன். ஏட்டு நோட்டைத் தொடவில்லை. வாய்க்குள் என்னை ஏதோ சொல்லிவிட்டு அண்ணனை இழுத்துக்கொண்டு வெளியே போனார். போனவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. வாசல் கேட்டுக்கு எதிரே காரைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

இதற்குள் ராஜாத்தி அக்காவிடம் சைகை காட்டியிருந்தேன். அவர் மேலே போய், இருநூற்றேழில் யார் தட்டினாலும், தானே தட்டினாலும் திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, துணி வண்டியைக் காரிடாரின் குறுக்கே நிறுத்தி அதன் மேல் சாய்ந்து நின்றாராம். “எவனாச்சும் வந்தா அழுக்குத் துணி ஒன்னொன்னா எண்ணணும்னு சொல்லிக்கினு நின்னுருப்பேன்” என்றார் பிறகு.

இதுவரை சொன்ன கதையை நான் பயிற்சி வகுப்புகளில் பல தடவை சொல்லியிருக்கிறேன். சட்டைப் பையில் போன் அடித்த இடத்தில் சிரிப்பார்கள், நோட்டைத் தள்ளிய இடத்தில் கைதட்டுவார்கள். காலையில் போன் செய்தது யார் என்பதை மட்டும் ‘ஊழியர் ஒருவர்’ என்று சொல்லிவிடுவேன். என்ன தைரியம் மேடம் உங்களுக்கு என்று வந்து கை கொடுப்பார்கள். நானும் கொடுப்பேன்.

அதனால் உங்களுக்கு முழுசாகச் சொல்கிறேன். கார்டில் இருப்பது விருந்தாளியின் சொத்து. யார் யாரோடு வந்திருக்கிறார், எந்தக் கட்டிலில் படுக்கிறார், எந்த ஊர், எந்தத் தெரு, ஒன்றும் நம்முடையது இல்லை. பாஸ்போர்ட் நகலைப் போட்டோ எடுத்து ‘பார்றா மச்சான்’ என்று வாட்ஸாப்பில் அனுப்புகிறவனைப் பார்த்தால் செருப்பால் அடிக்கத் தோன்றுகிறது. ஆனால் அவன் கெட்ட எண்ணத்தில் செய்கிறான், பிடித்து வேலையை விட்டு நிறுத்திவிடலாம். நல்ல எண்ணத்தில் செய்கிறவளை என்ன செய்வீர்கள்? எனக்கு ஒரு மெமோ கூட வரவில்லை. அந்தக் கட்டத்தைக் கார்டிலிருந்து நானே எடுத்தேன். நான் ஓய்வு பெற்ற அடுத்த மாதமே அதைத் திரும்பச் சேர்த்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். உங்கள் கார்டில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் காலியாக விடச் சொல்லுங்கள். சிஸ்டம் எடுத்துக்கொள்ளும்.

இனிமேல் வருவதைத்தான் நான் யாரிடமும் சொன்னதில்லை.

முன்வாசலில் அவர்கள் கார் நின்றதால், மத்தியானம் சலவைக்குத் துணி எடுக்க வரும் வேனில் இரண்டு பேரையும் பின்கேட் வழியாக அனுப்புவது என்று ஏற்பாடு. சென்னைக்குள் வேறு ஹோட்டல், அங்கிருந்து கிடைக்கிற முதல் விமானம். தேன்மொழிக்குப் போக மனசில்லை. நாளை மறுநாள் வரைக்கும் எங்கேயாவது ஒளிந்திருந்துவிட்டு அம்மாவைப் பார்த்துவிட்டே போகிறேன் என்று சொல்லிப் பார்த்தாள். ஆனால் அம்மாவின் போன் அண்ணன் பையில். அண்ணன் இனி ஷிஃப்டுக்குப் போகப் போவதில்லை. அவளுக்கே அது தெரிந்திருந்தது.

பின்கட்டில் சலவை மூட்டைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு அவள் மார்த்தாவிடம் இங்கிலீஷில் கத்திக்கொண்டிருந்தாள். விமான நிலையத்தில் எடுத்த போட்டோவை எதிலாவது போட்டாயா, யாருக்காவது அனுப்பினாயா என்று. மார்த்தா இல்லை இல்லை என்று அழுகிறாள். உன்னால்தான், உனக்கு இந்த ஊர் புரியவில்லை, நான் எத்தனை தடவை சொன்னேன் என்கிறாள் தேன்மொழி. மார்த்தா போனைத் திறந்து நீட்டுகிறாள், நீயே பார் என்று.

நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். ஒரு நிமிஷம் இருக்கும். வாயைத் திறக்கவில்லை. தன்னைக் காப்பாற்றியவள் என்று தேன்மொழி கொஞ்ச நேரம் முன்னால்தான் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்லியிருந்தாள். அந்த நன்றியை வைத்துக்கொள்ள ஆசையாக இருந்தது எனக்கு. போன் செய்ததற்காக என் மேல் எனக்கு இருக்கிற கோபத்தைவிட, அந்த ஒரு நிமிஷம் மார்த்தாவை அழவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்ததற்காக இருக்கிற கோபம் அதிகம்.

ராஜாத்தி அக்கா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். “இன்னா மேடம்?” என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

“நான்தான் கூப்பிட்டேன்” என்றேன். “காலைல. உங்கம்மாவ. நான்தான்.”

தேன்மொழி திரும்பினாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் மார்த்தாவின் போனை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, என்னிடம் வந்து ரொம்ப மெதுவாகக் கேட்டாள்: “என்ன சொன்னீங்க?”

“நீங்க வந்துட்டீங்கன்னு…”

“அது இல்ல. இவளப் பத்தி. என்ன வார்த்தைல சொன்னீங்க? அப்படியே சொல்லுங்க.”

சொன்னேன். ஆபரேட்டராக இருந்தவளின் காது, ஒரு எழுத்து மறக்காது. மாப்பிள்ளை இல்லம்மா, ஒரு பொண்ணு, அவங்களைத்தான் கல்யாணம் பண்ணியிருக்காங்க, அங்கல்லாம் இது சாதாரணம், மனசுல வெச்சுக்காதீங்க. பரீட்சையில் ஒப்பிக்கிற மாதிரி சொல்லி முடித்தேன்.

“பேரு சொன்னீங்களா?”

“இல்ல.”

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். வேன் டிரைவர் நேரமாகிறது என்று ஹார்ன் அடித்தார். மார்த்தா முதலில் ஏறி, மூட்டைகளுக்கு நடுவே இடம் செய்து கை நீட்டினாள். தேன்மொழி ஏறுவதற்கு முன் சொன்னாள்:

“ஆறு வருஷமா யோசிச்சு வெச்சிருந்தேங்க. மொதல்ல பேரு. மார்த்தான்னு. அம்மாவுக்கு வாய்ல ஈஸியா வர்ற பேரு. அம்மா அத ஒரு தடவ சொல்லிப் பாப்பாங்க. அவங்க சொன்னதுக்கு அப்பறம்தான் மிச்சத்த சொல்லணும்னு இருந்தேன்.”